ஹவில்தார் மந்திரி

டிசம்பர் 7, ஞாயிறு

டெல்லிக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. இந்த வீட்டில் எத்தனை அறை என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தோட்டத்தில் மயில் வருகிறது. வாசலில் துப்பாக்கியோடு காவலர்கள் நிற்கிறார்கள். நல்ல மீன் மட்டும் கிடைக்கவில்லை. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவளுக்கு இங்கே பேச்சுத் துணைக்கும் ஆளில்லை. "உன் வாய்க்கு யாராவது வேணும்லாம்மா, இதையாவது வச்சுக்கோ" என்று மகள் வினோதினி இந்த டைரியை வாங்கி அனுப்பியிருக்கிறாள். அவளுக்கு எப்போதும் என்னைக் கிண்டல்தான்.

முதலில் என் வீட்டுக்காரரைப் பற்றி. பெயர் சுடலைமணி. முத்தையாபுரத்து உப்பளத் தொழிலாளியின் மகன். பதினெட்டு வயதில் பட்டாளத்துக்குப் போய், மதராஸ் ரெஜிமென்டில் ஹவில்தார் வரைக்கும் வந்தார். ஹவில்தார் என்றால் நம் ஊர் போலீசில் ஏட்டு மாதிரி. வெளியே வந்து முன்னாள் படைவீரர்களுக்காக அலைந்தார், கட்சியில் சேர்ந்தார், மூன்று முறை எம்.பி. ஆனார். இப்போது கூட்டணியில் யாருக்கும் ஒத்துவராத சண்டையில், கடைசியில் எல்லோரும் ஒத்துக்கொண்ட ஆளாக, நாட்டின் பாதுகாப்பு அமைச்சர்.

இதில் ஒரு சங்கடம். ஜெனரல்கள் உள்ளே வந்தால் இவர் தன்னையறியாமல் எழுந்து விறைப்பாக நின்றுவிடுகிறார். மந்திரி நிற்கும்போது ஜெனரல் எப்படி உட்காருவார்? அவரும் நிற்கிறார். டீ ஆறிப்போகிறது. தனிச்செயலாளர் வர்கீஸ் பின்னால் நின்று "சார், உட்காரணும், சார்" என்று முணுமுணுக்க வேண்டியிருக்கிறது. டிவிக்காரர்கள் இதைக் கேள்விப்பட்டு 'ஹவில்தார் மந்திரி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இவருக்கு அதில் ஒரு பெருமை வேறு.

எனக்குப் பட்டாளம் என்றாலே ஆகாது. கல்யாணமாகி முதல் சில வருஷம் நான் குடித்தனம் நடத்தியது கடிதங்களோடுதான். வினோதினி தவழ ஆரம்பித்த பிறகுதான் அப்பா முகத்தைப் பார்த்தாள். இப்போது அந்தப் பட்டாளம் முழுவதும் இவர் தலையில்.

டிசம்பர் 11, வியாழன்

காலையில் ஒரு போன்.

"டீச்சர், நான் லிங்கக்கனி பேசுதேன். ஏரல் ஸ்கூல்ல ஒம்பதாங்கிளாஸ். மேப்புல இமயமலையக் கொண்டுபோயி கடல்ல வரைஞ்சேன்லா, அவதான்."

மறக்கக்கூடிய படமா அது! சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவள் மகன் சேர்மத்துரை மதராஸ் ரெஜிமென்டில் நாயக்காக, அதாவது ஹவில்தாருக்கு ஒரு படி கீழே, இருக்கிறானாம். இமயமலையில் ஏதோ ஒரு உச்சியில், பதினெட்டுப் பேரில் ஒருவனாகக் காவல் இருக்கிறானாம்.

"அங்கன மூச்சு விடவே பாடா இருக்காம் டீச்சர். சார்ட்ட ஒரு வார்த்த சொல்லி எம்பிள்ளய மட்டும் கீழ எறக்கச் சொல்லுங்களேன். உங்க கால்ல விழுதேன்."

"ஏளா, உம்பிள்ளய எறக்குனா அந்த எடத்துக்கு இன்னொருத்தி பிள்ள ஏறணும்லா" என்றேன்.

 "ஆமா டீச்சர்" என்று சொல்லி வைத்துவிட்டாள். சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

இவரிடம் சொல்லவில்லை. லட்சக்கணக்கான பேரைப் பற்றி யோசிக்கிறவர் மனதில் ஒரு பெயரை மட்டும் ஒட்டிவைப்பது சரியில்லை என்று பட்டது. மற்றபடி இதில் எனக்கு ஒன்றுமில்லை. மத்தியானம் சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன்.

டிசம்பர் 13, சனி

குளிர். இவர் எல்லைப் பக்கம் போகிறார். மப்ளரை மறந்துவிட்டு, காரில் ஏறியபின் ஆளனுப்பி வாங்கிக்கொண்டார்.

டிசம்பர் 18, வியாழன்

திரும்பி வந்துவிட்டார். உதடெல்லாம் வெடித்திருக்கிறது. தோசைக்கு உட்கார்ந்தவர் தானாகப் பேச ஆரம்பித்தார். இலாகா ரகசியம் எதையும் வீட்டில் பேசமாட்டார், ஆனால் மனிதர்களைப் பற்றிப் பேசாமல் இருக்க அவரால் முடியாது.

"ஒரு மேட்டுல எறங்குனோம். பேரு சொல்ல மாட்டேன். ஹெலிகாப்டர் கொஞ்ச நேரந்தான் நிக்கும்னுட்டான். ஆபீசருங்க வரிசையா நின்னு, எல்லாம் நல்லாருக்கு சார், நல்லாருக்கு சார்ங்கான். நான் வரிசைக் கடைசிக்குப் போனேன். ஒரு நாயக். மூஞ்சியப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு, நம்ம பக்கத்து ஆளு. எந்த ஊருய்யான்னேன். ஏரல், ஐயான்னான். பேரு சேர்மத்துரையாம்."

நான் தோசை திருப்பப் போய்விட்டேன்.

அவர் பாட்டுக்கு அடுக்களைப் பக்கம் குரலை உயர்த்திச் சொல்லிக்கொண்டிருந்தார். குறை ஏதும் உண்டா என்று தமிழில் கேட்டாராம். பக்கத்தில் நின்ற அதிகாரிகளுக்குத் தமிழ் தெரியாது. அவனும் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னானாம். பிறகு, "காலுக்கடியில அப்பப்ப தொம்முன்னு ஒரு சத்தம் கேக்கும் ஐயா. அதான் தூக்கத்தக் கெடுக்கும்" என்றானாம். அந்தச் சத்தத்தைப் பற்றி மேலதிகாரிகளிடம் யாருமே சொன்னதில்லை. ஒரு சத்தம் கேட்கிறது என்று எந்தப் பட்டாளத்துக்காரன் புகார் எழுதுவான்? பயந்துவிட்டான் என்று சொல்லிவிடுவார்களே.

திரும்பி வரும்போது, கூட வந்திருந்த ராணுவத் தலைமைத் தளபதி மரியாதையாகவே ஒரு வார்த்தை சொன்னாராம். சார், அடுத்த முறை என்னிடம் கேளுங்கள், நான் கீழே கேட்டுச் சொல்கிறேன் என்று. பட்டாளத்தில் எதுவும் படிப்படியாகத்தான் ஏற வேண்டும், இறங்க வேண்டும். மந்திரி நேராக நாயக்கிடம் போய்க் கேட்டால் நடுவில் இருக்கிற அத்தனை பேருக்கும் அவமானம். இவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

"தப்பு என் மேலதான். ஹவில்தார் புத்தி. ஹவில்தார் நாயக்கிட்டதான கேப்பான்" என்றார்.

தோசை கருகிவிட்டது. இந்த ஊர்த் தோசைக்கல் சரியில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

காலையில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "டீச்சர், பனி எப்படிச் சரியும்?" என்றார். கோபமில்லாத நேரத்தில் நான் அவருக்கு டீச்சர்.

"பனியை நான் ஃபிரிட்ஜுலதான் பாத்திருக்கேன்" என்றேன். விடவில்லை. சரி, வகுப்பு எடுத்தே பல காலம் ஆயிற்று என்று அரிசி புடைக்கிற சுளகை எடுத்துவந்தேன். ஈரமாவை அதில் அப்பி வெயிலில் காயவைத்தேன். "இது பழைய பனி. கெட்டியா இருக்கும்." அதன்மேல் எள்ளைப் பரப்பினேன். "இது நடுவுல உதிரியா நிக்கிற பனி. ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது." அதற்குமேல் அரிசி மாவைக் கொட்டி உள்ளங்கையால் அமுக்கினேன். "இது புதுசா விழுந்தது." சுளகைச் சாய்த்துப் பிடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. இவர் என்னைக் கேலியாகப் பார்த்தார். விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினேன். மேல்மாவு முழுவதும் ஒரே பலகையாக வழுக்கிவந்து அவர் வேட்டியில் விழுந்தது.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மடியில் கிடந்த மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்தத் தொம்முங்கற சத்தம்?"

"நடுவுல இருக்கிற உதிரி நொறுங்கி, மேல உள்ளது ஒக்காருற சத்தமா இருக்கலாம்."

"ஒக்காந்துட்டா அடுத்து சரியும்?"

"சரியலாம், சரியாமலும் இருக்கலாம். அதுக்குன்னு படிச்சவங்ககிட்ட கேளுங்க. நான் வெறும் ஸ்கூல் டீச்சர்."

வேட்டியை உதறாமலே எழுந்து போய் வர்கீஸுக்குப் போன் போட்டார்.

டிசம்பர் 23, செவ்வாய்

சுளகைக் காணோம். காலையில் இவர் காரில் வைத்து ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போனாராம். அதை ஸ்கேனரில் விடவேண்டுமா என்று வாசலில் ஒரு விவாதமே நடந்ததாக வர்கீஸ் சொன்னார். நாட்டின் பாதுகாப்பு இப்போது என் சுளகில் இருக்கிறது.

டிசம்பர் 28, ஞாயிறு

தலைமைத் தளபதி வீட்டுக்கு வந்தார். உயரமான மனிதர், மலைநாட்டுக்காரர். என்னைப் பார்த்தால் எழுந்து நின்று வணங்குவார். இரண்டு பேரும் தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆங்கிலத்தில் பேசினார்கள். நான் அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்பவள் இல்லை. முறுக்கு வைக்கப் போனேன், டீ வைக்கப் போனேன், தட்டு எடுக்கப் போனேன். காதை மூடிக்கொண்டா போகமுடியும்?

பனிச்சரிவை ஆராய்கிறவர்கள் ஆபத்து என்று சொல்லியிருக்கிறார்கள். அடுத்த பெரும் பனிப்பொழிவில் சரியலாம் என்கிறார்கள். இவருக்கு அந்தப் பதினெட்டுப் பேரையும் கொஞ்ச நாளைக்குக் கீழே இறக்க வேண்டும். தளபதிக்கு அதில் சம்மதமில்லை.

"ஒவ்வொரு குளிர்காலத்திலும் சரியலாம் என்றுதான் சொல்கிறார்கள், சார். அதைக் கேட்டு இறங்கினால் அந்த மலை முழுவதும் ஒரு ஆளும் இருக்கமாட்டான். நாம் இல்லாத நேரம் பார்த்து எதிரி ஏறி உட்கார்ந்துவிட்டால் திரும்பப் பிடிக்க நூறு, இருநூறு பேரைக் கொடுக்கவேண்டி வரும். அந்த வீடுகளுக்குச் சேதி சொல்லி அனுப்பவேண்டியவன் நான்."

அவர் சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது. அதனால்தான் கோபம் வந்தது. தப்பாகப் பேசியிருந்தால் முறுக்கை நகர்த்தி வைத்திருப்பேன்.

இவர் வாதாடவில்லை. கேள்வியாகக் கேட்டார். எதிரில் உள்ள மேட்டிலிருந்து கண்காணிக்க முடியுமா? எதிரி ஏற எத்தனை நேரம் பிடிக்கும்? அதே பனி அவனுக்கும் ஆபத்துதானே? தளபதி ஒவ்வொன்றுக்கும் ஒளிக்காமல் பதில் சொன்னார். தனக்குப் பாதகமான பதிலையும் சொன்னார். கடைசியில், "உத்தரவு போட்டால் அப்படியே செய்வேன் சார். ஆனால் என் ஆலோசனை இதற்கு எதிரானது என்று பதிவாகவேண்டும்" என்றார்.

"நானே அதைக் கேட்கலாம் என்றிருந்தேன். தப்பாகப் போனால் தப்பு யாருடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது" என்றார் இவர்.

 அந்தப் பெரிய மனிதர் இன்னொரு முறுக்கு எடுத்துக்கொண்டார்.

டிசம்பர் 29, திங்கள்

காலை நடையில் நானும் போனேன். தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"வெள்ளைக்காரன் காலத்துல பட்டாளத்துக்குத் தலைவனும், பட்டாள இலாகாவுக்குத் தலைவனும் ஒரே ஆளு, தெரியுமா? துப்பாக்கியும் அவன் கையில, பேனாவும் அவன் கையில. சுதந்திரம் வந்ததும் பேனாவ மட்டும் பிரிச்சு, ஓட்டு வாங்கி வந்தவன் கையில குடுத்தாவ. எதுக்கு?"

"கேள்வி கேக்கறது என் வேலை. நீங்க பதில் சொல்லுங்க."

"சண்ட போடத் தெரிஞ்சவன் சண்ட போடட்டும். ஆனா ஜனங்க முன்னால நின்னு, இத நாந்தான் செஞ்சேன்னு பழியச் சுமக்க ஒருத்தன் வேணும்லா. அதுக்குத்தான் அந்த நாற்காலி."

இந்த வேலையில் இருந்தவர்களின் கதையெல்லாம் இப்போது படித்துக்கொண்டிருக்கிறார். வக்கீல், பேராசிரியர், விவசாயி என்று எத்தனையோ பேர். யுத்தத்தில் ஜெயித்துப் பேர் வாங்கியவர் உண்டு. பழியோடு வீட்டுக்குப் போனவரும் உண்டு. இவர் படிப்பதெல்லாம் வீட்டுக்குப் போனவர்களைப் பற்றித்தான்.

"நம்ம கத அதுல எதுல வரும்?" என்றேன் விளையாட்டாக.

"அது பனிக்குத்தான் தெரியும்" என்றார்.

டிசம்பர் 30, செவ்வாய்

உத்தரவு போட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். ஒரு வாரமாகக் கொறித்துக்கொண்டிருந்தவர் இன்று இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

ஜனவரி 2, வெள்ளி

அந்தப் பக்கம் கடும் பனிப்பொழிவாம். டிவி தானாக ஓடிக்கொண்டிருந்தது, கண்ணில் பட்டது.

ஜனவரி 4, ஞாயிறு

இன்றும் பனிப்பொழிவு. புவியியல் படித்தவளுக்கு வானிலை பார்க்கும் பழக்கம் இருப்பது இயற்கை.

ஜனவரி 9, வெள்ளி

யாரோ வெளியே சொல்லிவிட்டார்கள். காலையிலிருந்து எல்லா சேனலிலும் இதுதான். 'சண்டையில்லாமல் மேட்டை விட்டுக்கொடுத்த மந்திரி.' 'தளபதி எதிர்த்தும் பின்வாங்க உத்தரவு.' தளபதி எதிர்த்தது தெரிந்திருக்கிறது, ஏன் இறக்கினார் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு பெண் மைக்கைப் பிடித்துக்கொண்டு, ஹவில்தாருக்கு எப்போதும் ஹவில்தார் அளவுக்குத்தான் தைரியம் என்றாள். ஹவில்தாருக்குள்ள தைரியம் உனக்கு இருக்கிறதா அம்மா என்று நான் டிவியைப் பார்த்துக் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்த பெண் பயந்து வெளியே போய்விட்டாள்.

நாடாளுமன்றத்தில் ஒரே கூச்சல். இவர் எழுந்து ஒரே வரி சொன்னார். "அந்த முடிவு என்னுடையது. காரணத்தைப் பொதுவில் சொல்ல இயலாது." உட்கார்ந்துவிட்டார்.

ஜனவரி 11, ஞாயிறு

நேற்றைக்கு மேல் இன்று. எல்லைக்குப் போனபோது எடுத்த போட்டோ ஒன்றைத் தேடிப் பிடித்துவிட்டார்கள். இவர் சேர்மத்துரை தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். சொந்தத் தொகுதிப் பையனைக் காப்பாற்ற நாட்டின் மேட்டை விட்டாராம்.

குளித்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். "டீச்சர், ஒண்ணு கேக்கேன். அந்தப் பையன் வீட்டுல இருந்து யாரும் உங்கிட்ட பேசுனாவளா?"

பொய் சொல்ல எனக்கு வராது. லிங்கக்கனி பேசியதைச் சொன்னேன்.

"எப்ப?"

"நீங்க மேட்டுக்குப் போறதுக்கு முன்னால."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

நீண்ட நேரம் யோசித்தார். இவரிடம் எனக்குப் பிடித்தது இதுதான். கேள்வி கேட்டால் உண்மையாகவே யோசிப்பார்.

"எறக்கியிருக்க மாட்டேன்" என்றார். "ஒரு தாயி கேட்டு எறக்குன மாதிரி ஆயிருமேன்னு பயந்து, அத்தன பேரையும் அங்கனயே விட்டிருப்பேன். நல்ல வேள."

"இப்ப சொல்லுங்களேன். பனி சரியும்னு படிச்சவங்க சொன்னாவன்னு ஒரு வார்த்தை. இந்த அசிங்கமாவது நிக்கும்."

"பனி விழுந்தா எந்த மேட்டுல ஆளு இருக்காதுன்னு ஊருக்கே சொல்லணுமாக்கும்? எதிராளி டிவி பாக்க மாட்டானா? அடுத்த வருஷமும் பனி விழும்லா."

 எனக்குக் கோபம் மட்டும் தீரவில்லை. அதை யாரிடம் காட்டுவது?

ஜனவரி 12, திங்கள்

தமிழ் சேனல் ஒன்றிலிருந்து ஒரு பெண் போனில். இனிமையான குரல். "அம்மா, சார் பக்கம் நியாயம் இருக்குன்னு எங்களுக்குத் தெரியும். நீங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னா போதும்மா."

ஒரே ஒரு வார்த்தைதான். 'பனி.' அது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இவரைக் கோழை என்று சொன்ன அத்தனை பேர் வாயும் அந்த ஒரு வார்த்தையில் அடைத்துப்போகும். என் மகள் நாளை தலைநிமிர்ந்து வேலைக்குப் போவாள்.

"இன்னைக்கு எங்க வீட்டுல முருங்கைக்காய்க் கொழம்பு" என்றேன். "வேற விசேஷம் ஒண்ணுமில்ல."

வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். யாரும் பார்க்கவில்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். இங்கே இன்றைக்கு ராணுவ தினமும்கூட. காலையில் பால் பொங்கியது. மாலையில் ராணுவத்தார் விருந்து. போகவேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

பெரிய புல்வெளி. நாங்கள் நுழைந்ததும் பேச்சு அடங்கியது. வணக்கம் சொன்னார்கள், நகர்ந்துகொண்டார்கள். எங்களைச் சுற்றி ஒரு வட்டம் காலியாக இருந்தது. என் பட்டுச்சேலை எனக்கே பாரமாக இருந்தது. அப்போது தலைமைத் தளபதி அந்தக் கோடியிலிருந்து நேராக நடந்துவந்து இவர் பக்கத்தில் நின்றார். விருந்து முடியும் வரை அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. தன்னைப் பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர்களையெல்லாம் இவரைத் தாண்டித்தான் பார்க்கவைத்தார். கொஞ்சம் கொஞ்சமாக வட்டம் நிறைந்துவிட்டது.

கிளம்பும்போது என்னிடம், "இப்போதும் என் கருத்து மாறவில்லை, மேடம்" என்றார். "ஆனால் இவருக்குக் கீழே வேலை பார்த்தேன் என்று என் பேரன்களிடம் சொல்வேன்."

இந்தப் பட்டாளத்தை இனி நான் திட்டப்போவதில்லை. குறைந்தபட்சம் சத்தமாகத் திட்டமாட்டேன்.

ஜனவரி 17, சனி

உள்ளே வந்ததும் "திரும்ப ஏறிட்டாங்க" என்றார். ஆபத்துக்காலம் முடிந்துவிட்டதாம். எதிரி அந்தப் பக்கம் எட்டியே பார்க்கவில்லை.

"பனி?"

"சரியல. ஒரு பிடிகூட."

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்கு இல்லை. உள்ளதை எழுதுகிறேன். சரிந்திருந்தால் இவர் செய்தது சரி என்று ஆகியிருக்குமே என்று நினைத்தேன். அவரிடமே சொல்லிவிட்டேன்.

"அப்படி நெனைக்காத டீச்சர். அது சரியுற அன்னைக்கு யாரு அங்கன இருப்பான்னு தெரியாதுல்லா" என்றார்.

ஜனவரி 29, வியாழன்

மந்திரிசபை மாற்றம். இவருக்கு இடமில்லை. பிரதமரே கூப்பிட்டு மரியாதையாகச் சொன்னாராம். கூட்டணியில் நெருக்கடி, தேர்தல் வருகிறது, விட்டுக்கொடுத்த மந்திரியை வைத்துக்கொண்டு ஓட்டுக் கேட்க முடியாது.

வர்கீஸ் அழுதார். இவர் அவருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். புது மந்திரிக்குச் சொல்லவேண்டியதைச் சொல்ல நாளை காலை ஆபீசுக்குப் போகவேண்டுமாம். "அந்தப் பனிக்காரங்க சொல்லுததக் கேக்கச் சொல்லணும்" என்றார்.

பிப்ரவரி 3, செவ்வாய்

மூட்டை கட்டுகிறோம். சுளகு திரும்பி வந்துவிட்டது, எள் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

முத்தையாபுரம். வெயில் மண்டையைப் பிளக்கிறது, நல்ல மீன் கிடைக்கிறது. இங்கேயும் டீக்கடையில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். இவர் அவர்களிடமே போய் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வருகிறார்.

பதினோரு மணிபோல லிங்கக்கனி வந்தாள். கையில் ஒரு சீப்புப் பழம், கூடவே மகன். லீவில் வந்திருக்கிறான். முகம் வெயிலிலும் குளிரிலும் கறுத்து உரிந்திருந்தது. லிங்கக்கனி இவர் காலில் விழப்போனாள், நான் பிடித்துக்கொண்டேன். பையன் விழவில்லை. விறைப்பாக நின்றான். கண்ணைப் பார்க்கவில்லை.

"என்னய்யா, மனசுல ஏதோ இருக்கு போலயே. ஒளிக்காம சொல்லு" என்றார் இவர். "நான் இப்ப மந்திரி இல்ல."

"சொன்னா கோவிக்கக்கூடாது ஐயா."

"சொல்லு."

"நாங்க எறங்கி வந்தப்ப கீழ இருந்த மத்த யூனிட்காரன்லாம் சிரிச்சான் ஐயா. மதராசி பனிக்குப் பயந்துட்டான்னு. திரும்பிப் போயி பாத்தா ஒண்ணுமே ஆகல. அடுப்புல வச்ச கெட்டில் அப்படியே இருக்கு. எதுக்கு எங்கள எறக்குனீங்க? நாங்க கேட்டோமா? கெடந்து திட்டுனோம் ஐயா உங்கள. திங்கும்போது, காவலுக்கு நிக்கும்போது, எந்நேரமும் உங்களத் திட்டுறதுதான்."

"ஏல, வாய மூடு!" என்று லிங்கக்கனி அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

இவர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"எத்தன பேருய்யா திட்டுனீங்க?"

"எல்லாருந்தான்."

"பதினெட்டுப் பேருமா?"

"பதினெட்டுப் பேரும் ஐயா."

"மீச மொளைக்காத பய ஒருத்தன் நின்னான்லா, கொல்லத்துக்காரன். அவனுமா?"

"அவந்தான் ஐயா ரொம்ப. மலையாளத்துல."

இவர் சிரித்தார். இந்த மூன்று மாதத்தில் நான் கேட்காத சிரிப்பு. தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒருத்தன் கொறையல்லா?" என்றார்.

"ஒருத்தன் கொறையல, ஐயா" என்றான் சேர்மத்துரை.

சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது. நின்ற விறைப்பு மெல்லத் தளர்ந்தது.  லிங்கக்கனி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுதாள். நானும் அழுதேன், எல்லோரும் பார்க்கத்தான் அழுதேன்.

"திட்டட்டும்யா" என்றார் இவர். "நல்லா திட்டட்டும்."